அதே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா

ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டில் தீபாவளிச் செலவோடு ஆஸ்பத்திரிச் செலவுக்கும் சேர்த்துத்தான் பணம் எடுத்து வைப்போம். மழைக்காலம் வந்தால் என் கணவருக்கு நிமோனியாவும் வந்துவிடும். முதலில் சளியின் நிறம் மாறும். பிறகு குளிர் காய்ச்சல், இடது விலாவில் குத்தல், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கல். சில நாள் படுக்கை, ட்ரிப்ஸ், ஊசி, வீடு திரும்பும்போது ஒரு பை நிறைய மாத்திரை. உடம்பு தேறி மண்டிக்குப் போகத் தொடங்குவார். கொஞ்ச மாதம் போகும், மறுபடியும் அதே காய்ச்சல். பங்குனி வெயிலில்கூட வந்தது உண்டு.

அவர் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். பீடி, சிகரெட் தொட்டதில்லை, குடிப்பழக்கமும் இல்லை. அதனால் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். விடிகாலைப் பனி என்றார்கள், மண்டித் தூசி என்றார்கள், மோர் சேர்க்காதே என்றார்கள். "அவரு உடம்பு வாகு அப்படி" என்பதில்தான் கடைசியில் எல்லாப் பேச்சும் வந்து நிற்கும். பார்த்த மருத்துவர்களும் வந்த காய்ச்சலை இறக்கி அனுப்பினார்களே தவிர, ஐம்பது வயது ஆளுக்கு இது ஏன் விடாமல் வருகிறது என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. அதை யோசித்த ஒரு மருத்துவரால்தான் அவர் இன்று ஒழுங்காக வேலைக்குப் போய் வருகிறார். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி அல்லாடிக்கொண்டிருந்தால், ஏன் திரும்ப வருகிறது என்று நீங்களே மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மதுரையில் நுரையீரல் மருத்துவர் ஒருவரிடம் உறவினர் சொல்லிப் போனோம். நடுத்தர வயதுப் பெண்மணி. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைப்பதற்கு முன்பே, "பழைய எக்ஸ்ரே எல்லாம் இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. பீரோவுக்கு மேலே ஒரு ஜவுளிக்கடைப் பையில் எல்லாவற்றையும் போட்டு வைத்திருந்தேன், நல்லவேளையாகக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். சில படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து, மூலையில் இருந்த தேதியைப் பார்த்து, விளக்குப் பலகையில் வரிசையாகச் செருகினார். இடம் போதாமல் இரண்டை மேசை மேல் வைத்தார். பேனா முனையால் ஒவ்வொரு படத்திலும் இடது பக்கம் இதயத்தின் நிழலுக்குப் பின்னால், அடியில், வெள்ளையாகக் கலங்கித் தெரிந்த ஓர் இடத்தைத் தொட்டுக்கொண்டே போனார்.

"ஒவ்வொரு தடவையும் இதே இடந்தாம்மா. ரெண்டு நுரையீரல் இருக்கு, கிருமி ஏன் இங்கயே வந்து உட்காருது?"

அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்வி: "சின்ன வயசுல டிபி வந்திருக்கா சார்?"

வந்திருந்தது. 1994-ல், கல்யாணத்துக்கு முன்பு, இருபத்திரண்டு வயதில். அரசு மருத்துவமனையில் ஊசியும் மாத்திரையுமாக முழுசாகச் சிகிச்சை எடுத்துக் குணமானவர். ஆனால் எங்கள் மாமியார் வீட்டில் அந்தப் பேச்சே எடுக்க மாட்டார்கள். பெண் கொடுக்க யோசிப்பார்கள், தங்கைகளுக்கு வரன் அமையாது என்று மூடி வைத்த விஷயம். முப்பது வருடம் கழித்தும் அவர் அந்தக் கேள்விக்குக் குரலைத் தாழ்த்தித்தான் பதில் சொன்னார். காசநோயைப் பற்றிய இந்த வெட்கம் எத்தனை பேர் நுரையீரலைத் தின்றிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் 'முன்பு இருந்த நோய்கள்' என்ற கட்டத்தில் சர்க்கரை மட்டும்தான் எழுதப்பட்டது.

மருத்துவர் நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதில்தான் தெளிவாகத் தெரிந்தது. நோயின் பெயர் பிராங்கியெக்டேசிஸ். மூச்சுக்குழாய்கள் உள்ளே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போக வேண்டும். இவருக்கு இடது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் அவை சிறுக்காமல், சுவர் தடித்து, விரிந்து கிடந்தன. பழைய காசநோய் ஆறியபோது விட்டுப்போன தழும்பு அந்தக் குழாய்களை இழுத்து விரித்துவிட்டது. சாதாரணமாக மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் நுண்மயிர்கள் அசைந்து அசைந்து சளியை மேலே தள்ளும், நாமும் அறியாமலே விழுங்கிவிடுவோம். விரிந்து சிதைந்த இடத்தில் அந்த நுண்மயிர்கள் வேலை செய்வதில்லை. சளி தேங்குகிறது. தேங்கிய சளியில் கிருமி வளர்கிறது. கிருமியோடு உடம்பு போராடும்போது வரும் அழற்சி குழாயை மேலும் சிதைக்கிறது. அதனால் இன்னும் அதிகம் சளி தேங்குகிறது. ஒவ்வொரு நிமோனியாவும் அடுத்ததற்கு இடம் செய்து வைத்துவிட்டுப் போகிறது.

இது புதிய நோய் இல்லை. ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லென்னக் 1819-லேயே இதை விவரித்துவிட்டார். நம் நாட்டில் இந்த நோயாளிகளைப் பதிவேடு போட்டுத் தொகுத்து 2019-ல் வெளியிட்டார்கள். 2,195 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பழைய காசநோயால் வந்தவர்கள். இவ்வளவு காசநோயாளிகள் இருக்கும் நாட்டில் இந்தப் பெயர் சர்க்கரை, பிரஷர் போல எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சாதாரண எக்ஸ்ரேயில் இது பல நேரம் தெளிவாகப் பிடிபடாது, 'பழைய தழும்பு' என்று எழுதிவிடுவார்கள். அதனால், நிமோனியா திரும்ப வந்தால் சிடி தேவையா என்று கேளுங்கள். காசுக்காக எடுக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து நாங்கள் அறிந்த பலர் தள்ளிப்போடுகிறார்கள். இந்த விஷயத்தில் ஒரே ஒரு சிடி பல வருட ஊசிச் செலவை மிச்சப்படுத்தும்.

காரணம் ஒன்று கிடைத்ததும் அந்த மருத்துவர் நிறுத்திக்கொள்ளவில்லை. அதுதான் எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்த இடம். "டிபி தழும்பு ஒரு காரணம். அதுக்குக் கைகொடுக்கிறது வேற எதுவும் இருக்கான்னு பாத்துருவோம்" என்றார். ரத்தத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, எச்ஐவி, நோய் எதிர்ப்புப் புரதங்களான இம்யூனோகுளோபுலின் அளவு, ஒவ்வாமைக்கான ஐஜிஇ, எல்லாம் பார்க்கப்பட்டன. சர்க்கரைதான் மாட்டியது, 9.4 இருந்தது. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை வெள்ளை அணுக்களின் வேலையை மந்தப்படுத்தும், நுரையீரல் தொற்றுக்கு வாசலைத் திறந்துவிடும். போதாக்குறைக்கு, மூச்சிரைப்பு வந்தபோதெல்லாம் அக்கம்பக்கத்தில் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரைகள் சர்க்கரையை இன்னும் ஏற்றிவிட்டிருந்தன. இப்போது 7-க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

சளிப் பரிசோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவர் சளியைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பியதில்லை. மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், கிருமி எது என்று பார்க்கவில்லை. மதுரையில் ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் குப்பியைக் கொடுத்து, காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு, எச்சிலைத் துப்பாமல் நெஞ்சின் ஆழத்திலிருந்து இருமி எடுத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பு கொடுக்க வேண்டும், எடுத்த சில மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்விட வேண்டும். அவர் இருமி நிரப்பிய குப்பியை நான் ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு இட்லி ஊற்றப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் சளி மூன்று அடுக்காகப் பிரிந்து நின்றது. மேலே நுரை, நடுவில் கலங்கல் தண்ணீர், அடியில் பச்சையாகத் திடமாக ஒரு படிவு. மருத்துவரிடம் சொன்னேன், இந்த நோயில் பார்க்கக்கூடிய அடையாளம் அது என்றார்.

கல்ச்சரில் வந்த கிருமி சூடோமோனாஸ். வழக்கமாக நிமோனியாவுக்குக் கொடுக்கும் அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் அதைத் தொடவே தொடாது. வாய்வழியாகக் கொடுக்கச் சிப்ரோஃப்ளாக்சசின் வகையை விட்டால் வேறு மருந்தே கிடையாது. அந்த மருந்துக்குக் கிருமி அடங்குகிறதா என்றும் அதே அறிக்கையில் இருந்தது. இந்தத் தடவை ஐந்து நாளில் நிறுத்தாமல் பதினான்கு நாள் கொடுத்தார்கள். ஏழாவது நாளே சளி வெளுத்துவிட்டது. பல வருடங்களாக மஞ்சள் பச்சையைத் தவிர வேறு நிறம் பார்க்காத எனக்கு அது பெரிய சந்தோஷம்.

காசநோய் வந்து போனவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. ஊரில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரேயில் தெரிந்த நிழலை மட்டும் பார்த்து, சளியைச் சோதிக்காமலே, அவருக்கு மறுபடியும் டிபி மாத்திரை தொடங்கிவிட்டார்கள். பழைய தழும்பு எக்ஸ்ரேயில் ஆயுசுக்கும் தெரியும். அதை வைத்து நோய் திரும்பியதாகச் சொல்ல முடியாது. காசநோய்க் கிருமியைத் தேடும் சிபிநாட் என்ற சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே செய்கிறார்கள். சமீபத்தில் சிகிச்சை முடித்தவர்களுக்கு அது செத்த கிருமியைக்கூடக் காட்டிவிடலாம் என்பதால், காசநோய்க் கிருமிக்கான கல்ச்சரும் பார்ப்பது நல்லது. தேவையில்லாத டிபி மாத்திரை கல்லீரலை வதைக்கும். அதே போல இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. காசநோய் இருக்கிறதா என்று பார்க்காமல் லீவோஃப்ளாக்சசின் வகை மாத்திரையை நிமோனியாவுக்குக் கொடுத்தால், அது காசநோயையும் பாதி அடக்கிவைத்துக் கண்டுபிடிப்பதைத் தாமதமாக்கும். ஆகவே எந்தப் பக்கம் பார்த்தாலும் சளிப் பரிசோதனைதான் முதலில்.

கிருமியைக் கொன்றாலும் குழாய் பழையபடி ஆகாது. அதனால் தினமும் சளியை வெளியேற்றுவதுதான் வைத்தியத்தின் பாதி. இதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண், எங்கள் மகள் வயதுதான் இருக்கும். அவ்வளவு பொறுமை. "சார், இருமி இருமித் தொண்டையப் புண்ணாக்காதீங்க, நான் சொல்ற மாதிரி மூச்சு விடுங்க" என்று ஆரம்பித்தாள்.

முதலில் தோளைத் தளர்த்தி வயிறு ஏறி இறங்க அமைதியாகச் சில மூச்சுகள். அடுத்து, நெஞ்சு முழுக்க விரியும்படி ஆழமாக மூச்சை இழுத்து, மூன்று எண்ணும்வரை பிடித்து, மெதுவாக விட வேண்டும். மூன்று நான்கு தடவை. அந்தப் பிடித்தலில்தான் காற்று அடைப்புக்குப் பின்னால் போய்ச் சளியைத் தளர்த்துகிறது. மறுபடி அமைதியான மூச்சு. அதற்குப் பிறகுதான் முக்கியமான வேலை: வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல, தொண்டையை இறுக்காமல் 'ஹா' என்று வேகமாக மூச்சை வெளியே தள்ளுவது. சளி மேலே வந்ததும் ஒரே ஓர் இருமலில் துப்பிவிடலாம். இப்படிப் பத்துப் பதினைந்து நிமிடம் சுற்றிச் சுற்றிச் செய்ய வேண்டும். இவருக்குக் கோளாறு இடது நுரையீரலில் என்பதால் வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும், இடது பக்கம் மேலே இருந்தால் சளி தானாக இறங்கி வரும். கட்டிலின் கால்மாட்டை உயர்த்தித் தலை தாழ்வாகப் படுக்கச் சொல்வதும் உண்டு. இவருக்கு நெஞ்செரிச்சல் இருந்ததால் அது கூடாது, வயிற்று அமிலம் ஏறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று மட்டமாகவே படுக்கச் சொன்னாள்.

செய்வதற்கு முன்பு நெபுலைசர். முதலில் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பியூட்டமால், அடுத்து 3 சதவீத உப்புக் கரைசல். கரைசலில் உள்ள உப்பு, நீரை ஈர்த்துச் சளியை இளக்குகிறது. சிலருக்கு அது மூச்சுக்குழாயை இறுக்கிவிடும் என்பதால் முதல் தடவை மருத்துவமனையில் அவர்கள் கண் முன்னால்தான் கொடுத்தார்கள். வீட்டில் உப்பைக் கரைத்து ஊற்றுகிற வேலை அறவே கூடாது, சுத்தமான குப்பிகளாக மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. நெபுலைசர் கப்பையும் வாயில் வைக்கும் பகுதியையும் ஒவ்வொரு தடவையும் கழுவி, கொதிநீரில் போட்டு எடுத்து, துணியில் கவிழ்த்து முழுக்கக் காயவைக்கிறேன். ஈரத்தோடு மூடி வைத்தால் சூடோமோனாஸ் அதிலேயே வளரும், மறுநாள் நாமே அதை நுரையீரலுக்குள் அனுப்புகிறவர்களாகிவிடுவோம்.

இருமலை அடக்கும் சிரப்பை வீட்டை விட்டே அனுப்பிவிட்டோம். தேங்கிய சளியை வெளியே கொண்டுவரும் வழியை மூடுகிற மருந்து அது. ஆவி பிடிப்பது இதமாக இருக்கும், அவ்வளவுதான். அடியில் தேங்கிய சளிக்கு அது மருந்து இல்லை, கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்தவர்களைத்தான் எனக்குத் தெரியும்.

நெஞ்செரிச்சல் என்று சொன்னேன் இல்லையா, அதுவும் ஒரு மறைவான காரணம். மண்டியில் லோடு வந்து கணக்கு முடிய இரவு பத்தரை ஆகும். வந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுப்பார். தூக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறிக் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கும், பலருக்கு அது தெரியவே தெரியாது. இப்போது ஏழு மணிக்கே மண்டிக்குச் சாப்பாடு போய்விடுகிறது. வந்ததும் ஒரு டம்ளர் பால், அதோடு சரி. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே கட்டை கொடுத்து உயர்த்தியிருக்கிறோம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை வருடக்கணக்கில் தன்னிஷ்டத்துக்கு விழுங்குவதற்கும் நிமோனியாவுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டியிருப்பதால், அதையும் மருத்துவர் சொன்ன கால அளவுக்கு மேல் எடுப்பதில்லை.

இந்த விஷயம் என் மாமனாரால் எங்களுக்கு இன்னும் நன்றாக விளங்கியது. அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்திருந்தது. அதற்குப் பிறகு அவருக்கும் அடிக்கடி நிமோனியா, பெரும்பாலும் வலது பக்கம் அடியில். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வந்ததும் பரம்பரையா, ஒட்டுவாரொட்டியா என்று உறவினர்கள் கேட்டார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. மாமனாருக்கு விழுங்கும் தசைகள் பலவீனமாகிவிட்டன. சாய்ந்த வாக்கில் படுக்கவைத்துக் கஞ்சியை டம்ளரில் புகட்டிக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் ஒரு செருமல், சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாகக் களகளவென்று கேட்கும். உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்பதற்கு அந்தக் களகளப்புதான் அடையாளம் என்று விழுங்கு பயிற்சி கொடுப்பவர் சொன்னார். அன்றிலிருந்து நேராக நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, கெட்டியான உணவைச் சின்ன ஸ்பூனில் கொடுத்தோம். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கவிடுவதில்லை. இரவில் கொடுத்துவந்த தூக்க மாத்திரை மருத்துவரிடம் கேட்டு நிறுத்தப்பட்டது, அது இருமும் உணர்வையே மழுங்கடித்துவிடும்.

இன்னொன்று பல் தேய்ப்பது. படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் பல் தேய்த்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடுவார்கள். வாயில் மண்டும் கிருமிதான் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்குகிறது. ஜப்பானில் முதியோர் இல்லங்களில் வாயை ஒழுங்காகச் சுத்தம் செய்தவர்களுக்கு நிமோனியா குறைந்ததை 1999-லேயே ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் ஈரத்துணியால் ஈறு, நாக்கு எல்லாம் துடைத்துவிட்டு, ராத்திரி பல்செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிடுவேன். அவர் போய்ச் சேர்ந்தது பின்னொரு நாள் இதய நோயால். இப்படிச் செய்யத் தொடங்கிய பிறகு கடைசிவரை நிமோனியா எட்டிப் பார்க்கவில்லை.

மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்த நாட்களில் வேறு வேறு காரணங்களையும் பார்த்தேன். கல்லூரி முடித்த ஒரு பையனுக்கு வலது, இடது என்று மாறி மாறி நிமோனியா, கூடவே சைனஸ், காதில் சீழ். இடம் மாறி மாறி வந்தால் கோளாறு ஓரிடத்தில் இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியில் என்று மருத்துவர் விளக்கினார். அவனுக்கு ரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் ஜி மிகக் குறைவு. பிறவிக் கோளாறு என்றாலும் இருபது, முப்பது வயதில் தலைகாட்டுவது உண்டாம். மாதா மாதம் அந்தப் புரதத்தையே நரம்பில் ஏற்றுகிறார்கள், பையன் வேலைக்குப் போகிறான். சர்க்கரை, எச்ஐவி, எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய், நீண்ட நாள் ஸ்டீராய்டு, இவையும் இப்படித்தான் இடம் மாறிவரும் தொற்றாகத் தெரியலாம். என் கணவரின் அக்கா, எங்கள் மதினிக்கு, ஆஸ்துமாவோடு அடிக்கடி நெஞ்சுச் சளி. எக்ஸ்ரேயில் நிழல் வரும் போகும், அவரையும் டிபி என்றார்கள். கடைசியில் அது ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கு மூச்சுக்குழாய் காட்டும் ஒவ்வாமை. ஐஜிஇ அளவு எக்கச்சக்கமாக இருந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே இடத்தில் திரும்ப வந்தால் அடைப்பைத் தேட வேண்டும். பாக்குத் துண்டு, புளியங்கொட்டை, உடைந்த பல்செட் துணுக்கு என்று பெரியவர்களின் மூச்சுக்குழாயிலிருந்தே எடுக்கிறார்களாம், விழுங்கியபோது புரையேறியதோடு மறந்துபோயிருப்பார்கள். எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது புற்றுநோய்க் கட்டி. புகைக்கிறவர்கள், ஐம்பது தாண்டியவர்கள், நிமோனியா குணமான ஆறு வாரம் கழித்து ஒரு எக்ஸ்ரே கட்டாயம் எடுத்துப் பார்க்க வேண்டும். காய்ச்சல் போன பிறகு யார் எக்ஸ்ரேக்குப் போகிறார்கள்? எங்கள் தெருவில் ஒருவர் போகவில்லை. மறு நிமோனியாவில் சிடி எடுத்தபோது கட்டி பெரிதாகிவிட்டிருந்தது.

தடுப்பூசி விஷயத்தில் எங்களுக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை, அது குழந்தைகளுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்ததைத் தவிர. நிமோனியாவுக்கு முக்கியக் காரணமான நியூமோகாக்கஸ் கிருமிக்குப் பெரியவர்களுக்கும் ஊசி இருக்கிறது. குழந்தைகளுக்கு அரசே போடுகிறது, பெரியவர்கள் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இவருக்கு முதலில் அந்தக் கிருமியின் 13 வகைக்கான ஊசி, ஒரு வருடம் கழித்து 23 வகைக்கான ஊசி. இப்போது 20 வகைக்கான ஊசி வந்துவிட்டது, அதைப் போட்டால் இன்னொன்று தேவைப்படாது. உங்களுக்கு எது, எவ்வளவு இடைவெளியில் என்று மருத்துவர் சொல்வார். ஃப்ளூ ஊசி வருடா வருடம், ஏனென்றால் அந்த வைரஸ் மாறிக்கொண்டே இருக்கும். நம் பக்கம் மழைக்காலத்தில்தான் ஃப்ளூ ஏறும், ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். அதனால் புரட்டாசிக்குள் போட்டுவிடுகிறோம், நானும் சேர்த்துத்தான். வீட்டில் உள்ளவர்கள் கொண்டுவந்து ஒட்டவைப்பதும் உண்டே.

புகை விஷயத்தில்தான் வீட்டுக்குள் கொஞ்சம் சண்டை. மாமியார் வெந்நீருக்கு விறகடுப்புத்தான் மூட்டுவார், கேஸில் போட்ட தண்ணீர் குளித்தால் உடம்பு வலி போகாது என்பார். அடுப்பைக் கொல்லைக் கோடிக்கு மாற்றினோம், பிறகு ஹீட்டர் வந்தது. படுக்கையறையில் கொசுவர்த்திக்குப் பதில் கொசுவலை. மண்டி முதலாளியிடம் பேசி, வெங்காய மூட்டை பிரிக்கும் இடத்திலிருந்து இவர் மேசையை வாசல் பக்கம் மாற்றச் சொன்னேன். நல்ல மனிதர், மறுநாளே மாற்றினார்.

நடுவில் ஒரு நாள் சளியில் ரத்தம் வந்தது. இந்த நோயில் அது வரும். முதலில் பயந்து போனோம், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று மருத்துவர் முன்பே சொல்லி வைத்திருந்தார். கோளாறான பக்கம், அதாவது இவருக்கு இடது பக்கம், கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். சளி எடுக்கப் படுக்கும் பக்கத்துக்கு இது நேரெதிர். அப்போதுதான் ரத்தம் நல்ல நுரையீரலுக்குள் போகாது. கோடு கோடாக வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஸ்பூன் கணக்கில் வந்தால் நேராகப் பெரிய மருத்துவமனைக்கு. கசியும் ரத்தக்குழாயைக் கால் வழியாக ஒரு மெல்லிய குழாய் விட்டு அடைத்துவிடும் சிகிச்சை இருக்கிறது. இவருக்கு அது தேவைப்படாமலே நின்றது.

இப்போதும் வருடத்துக்கு ஒரு தடவை சளி கூடத்தான் செய்கிறது. ஆனால் மண்டிக்கு லீவு போட்டுப் படுக்கையில் சேரும் அளவுக்குப் போவதில்லை. சளியின் அளவும் நிறமும் மாறினால் முதல் நாளே குப்பியில் பிடித்து லேபுக்குக் கொடுத்துவிட்டு, மருத்துவர் எழுதிவைத்திருக்கும் ஆன்டிபயாடிக்கை அவரிடம் போனில் சொல்லித் தொடங்குகிறோம். பதினான்கு நாளும் முழுசாக. அன்றாடம் ஒரு வேளை செய்யும் மூச்சுப் பயிற்சி அப்போது இரண்டு வேளை. அடிக்கடி தொற்று வருகிறவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் அசித்ரோமைசின் என்று மாதக்கணக்கில் கொடுப்பது உண்டு. அதற்கு முன் ஈசிஜி, காது கேட்கும் திறன், சளியில் காசநோயின் சித்தப்பா பிள்ளைகளான வேறு கிருமிகள் இருக்கின்றனவா என்றெல்லாம் பார்ப்பார்கள். இன்னொருவர் சீட்டைப் பார்த்து வாங்கிப் போடுகிற மாத்திரை இல்லை அது.

ஜவுளிக்கடைப் பைக்குப் பதில் ஒரு ஃபைல் போட்டாயிற்று. எக்ஸ்ரேக்கள் தேதி வாரியாக, சிடி தகடு, ஒவ்வொரு கல்ச்சர் அறிக்கை, போட்ட ஊசிகளின் தேதி, எந்த ஆன்டிபயாடிக் எத்தனை நாள் என்ற ஒரு தாள். முதல் பக்கத்தில் '1994 – காசநோய், சிகிச்சை முடிந்தது' என்று அவரே தன் கணக்கு எழுத்தில் எழுதியிருக்கிறார். புது மருத்துவர் யாரைப் பார்த்தாலும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்து காட்டுகிறோம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது காசநோய்ச் சிகிச்சை இப்போதுதான் முடிந்திருந்தால், முடித்த அட்டையையும் கடைசியாக எடுத்த எக்ஸ்ரேயையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முடிந்த நாளிலிருந்து 6, 12, 18, 24 மாதங்களில் திரும்ப வந்து காட்டச் சொல்வார்கள். உடம்பு தெம்பாக இருக்கிறது என்று அந்தத் தேதிகளை விட்டுவிடாமல் கூட்டிக்கொண்டு போங்கள். இருமலும் சளியும் நிற்காமல் இருந்தால் பிராங்கியெக்டேசிஸ் இருக்குமா என்று பெயரைச் சொல்லியே கேளுங்கள். 1994-ல் என் கணவருக்கு அப்படி எந்தத் தேதியும் குறித்துக் கொடுக்கப்படவில்லை.